பெயர் எழுதப்பெறாதார்

போரில் மாய்ந்தாரை நினைவுகூர்தல் எந்நாட்டார்க்கும் பொதுவாய வழக்கம். வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களிற் செல்வார், 1914இல் தொடங்கிய பெரும்போரிலும் 1939இல் தொடங்கிய போரிலும் உயிர்துறந்த அவ்வவ்வூரார் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பெற்று ஊர் நடுவே நிற்றலைக் காண்பர். ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 11ஆம் நாளையொட்டி ஊரார் அக்கல்லின்முன் கூடிச் சிறிதுபொழுது வாய்வாளாது நின்று கலைவர். ஊர்ப்பழமை பேணும் கழகத்தார் அப்பெயருடையார் யாவர், எத்தெருவினர், எத்தொழிலினர் என ஆராய்ந்து எழுதியும் வைப்பர். இது சமயக் கடனா, ஊர்க் கடனா, வெறும் மனவெழுச்சியா? சிவபெருமானை முழுமுதலாகவும், உயிர்களைத் தத்தம் வினைக்கேற்ப உடலெடுத்தும் விடுத்தும் செல்வனவாகவும் கொள்ளும் நமக்கு, இறந்தார் பெயரைக் கல்லில் எழுதுதலால் ஆவது என்னை? காவிரி நாட்டார்க்கு நேர்ந்ததொரு பெருந்துன்பத்தை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

நடுகல் தமிழர்க்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக நட்டு வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியனார் அதனைத் துறைவகுத்து ஓதினார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட நடுகற்களில், ஆகோள் பூசலில் இறந்தான் ஒருவன் பெயர் பழந்தமிழ் எழுத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நின்று நிலவுகின்றது. பின்வந்த அரசர் காலத்தே, போரிற்பட்டான் குடும்பத்தார்க்கு உதிரப்பட்டி என்றும் நெத்தோர்பட்டி என்றும் நிலம் விடப்பட்டது. கல் ஒன்றை நட்டு அமையாது, இறந்தான் மனையாளும் மக்களும் உண்ண விளைநிலமும் ஈந்தனர். நினைவு என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கொண்ட பொருள் அத்துணை விரிந்தது.

எனினும் அக்கற்கள் படை ஏந்தினார்க்கு உரியன. படை ஏந்தாது, பகையும் கொள்ளாது, பிறர் போரில் அகப்பட்டு மாய்ந்தார்க்குக் கல் உண்டோ?

சீர்காழி, மாயூரம், நாகை வட்டங்களை உள்ளிட்ட பழைய தஞ்சை மாவட்டத்தினின்றும் மலாய் நாட்டு இரப்பர்த் தோட்டங்கட்குக் கூலிவேலைக்குச் சென்றார் பலர். பிறர் நிலத்தை உழுது வயிறு நிரம்பாத குடிகளே அவருட் பெரும்பாலார். கங்காணி ஊர்தோறும் வந்து அழைப்பான். நாகப்பட்டினத் துறையிற் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவர். 1926இற் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பலின் பெயரை அறியாத குடும்பம் இக்கரையோரத்தில் ஒருகாலத்துச் சிலவே. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவியளித்து அனுப்புதலைத் தடைசெய்தது. முன்னரே சென்றார் அங்கேயே இருந்தனர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊருக்கு வரும் கடிதமும் பணமும் நின்றன.

சயாம் நாட்டினின்றும் பர்மாவின் தன்பியூசயாத்து வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை, மலையும் காடும் ஊடறுத்து, ஜப்பானியப் படையினர் 1942இன் இடையிற் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். சிறைப்பட்ட ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், ஒல்லாந்தர் முதலிய போர்வீரர் ஏறத்தாழ 60,000 பேர் அவ்வேலையில் வருந்தினர். 12,000க்கு மேற்பட்டார் மாண்டனர். வீரரேயன்றி, தோட்டங்களில் நல்ல கூலி என ஆசைகாட்டியும், அதற்கு இணங்காவிடத்து வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழரும், மலாய்க்காரரும், பர்மியரும், சாவகத்தாரும் ஏறக்குறைய இரண்டு இலக்கம் பேர் அங்கு உழைத்தனர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி புகுந்தபோது, மருந்தும் மருத்துவரும் இன்றி, மூங்கிற் கொட்டில்களிலே கிடந்தபடியே மடிந்தார் தொகை கணக்கிறந்தது. ஆசியத் தொழிலாளருள் இறந்தார் 80,000 என்பாரும், 90,000 என்பாரும், அதனினும் மிக்கது என்பாரும் உளர்.

இவ்விரு தொகைகளையும் மீண்டும் ஒருமுறை நோக்குக. வீரர் சாவு ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது. அவர் தலைவர்களும் மருத்துவர்களும் உயிரை ஒறுத்தும் மறைவாக ஏடு எழுதினர். 1945இல் போர் முடிந்தவுடன் ஆய்வுக் குழுவினர் பாதைநெடுகச் சென்று, 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் தனித்தனிப் பெயர்ப்பலகையின்கீழ் உறங்குகின்றனர். தொழிலாளர் சாவோ பதினாயிரக் கணக்கிலே கூட்டியும் குறைத்தும் பேசப்படுகின்றது. ஒருவர் கணக்கிற்கும் மற்றொருவர் கணக்கிற்கும் இடையே பதினாயிரம் பேர் வேறுபடுவராயின், அவ்விடைவெளியிலே விழுந்த பதினாயிரம் உயிர் யாருடையன? தாய் பெயரிட்டு அழைத்த பதினாயிரம் பெயர் எங்கே? எழுதுவோனையுடைய உயிர் எண்ணப்பட்டது. எழுதுவோன் இல்லாத உயிர் மதிப்பிடப்பட்டது. இதனினும் கொடிய வேற்றுமையை யாம் அறியோம்.

இது சயாமிற்கு மட்டும் உரியதன்று. பதவி, இனம், சமயம் என்னும் வேற்றுமையின்றி இறந்தார் அனைவரையும் பெயர் குறித்துப் போற்றுவதே நெறியாகக் கொண்டு 1917இல் நிறுவப்பெற்ற ஆங்கிலப் பேரரசின் கல்லறை ஆணையமே, முதற் பெரும்போரில் இறந்த, பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாய் 1,16,000 பேரேனும் பெயர் குறிக்கப்படாமலோ நினைவே செய்யப்படாமலோ விடப்பட்டனர் என்று 2021இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சுமை தூக்கினாரும் பாதை வெட்டினாரும் அவருட் பலர்.

இனி, நம்முள்ளார் கூறும் தடை ஒன்று உண்டு. "அவரவர் பிராரத்தம், நுகர்ந்து தீர்த்தார், இதில் நாம் வருந்துவதும் கல் நடுவதும் எற்றுக்கு?" என்பர். சித்தாந்தம் கற்றார் வாயினின்றே இச்சொல் பிறத்தல் எமக்கு வியப்பும் துயரும் தருவது. வினை சடம், தானே வந்து பயன் தராது, இறைவனே அதனைக் கூட்டுவான். எவ்வுயிர்க்கு எவ்வினை, எவ்வளவு என அறிதல் அவன் ஒருவனுக்கே உரியது. பிறன் துன்பத்தைக் கண்டு "இஃது அவன் வினை" என்று துணிந்து கூறுவான், சிற்றறிவினனாயிருந்தே முற்றறிவினன் இருக்கையில் ஏறி அமர முயல்கின்றான். அன்றியும், ஒருவனுக்குத் துன்பம் அவன் பிராரத்தத்தால் வந்ததாயினும், அத்துன்பத்தை மனமொப்பிச் செய்தானுக்கு அஃது ஆகாமியமாய் ஏறாமற் போகாது. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு மருந்து. பிறர் துன்பத்தைப் பொறுத்தற்கு அதனை எடுப்பின் அதுவே நஞ்சு.

இதற்குச் சேக்கிழார் பெருமான் காட்டிய சான்று ஒன்றே அமையும். உறையூர்ச் சோழர் மரபிற் தோன்றிய புகழ்ச்சோழ நாயனார் கருவூரில் இருந்தபோது, திறை செலுத்தாத அதிகன்மேற் படை ஏவினார். படை வென்றது. பகைவர் தலைகள் குவையாகக் கொண்டுவரப்பட்டன. அத்தலைகளுள் ஒன்றிலே சிறு சடை ஒன்றைக் கண்டார். கண்டவுடன் நடுங்கினார், அழுதார், அரசைத் தம் மகனுக்கு ஆக்கி, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் முடிமேற் கொண்டு, ஐந்தெழுத்தோதி எரியுட் புகுந்தார்.

அத்தலைக்குரியான் பெயர் யாது? பெரியபுராணத்தில் இல்லை. அவன் பகைவன் படையில் நின்றவன். மன்னர் தம் கையால் அவனைக் கொன்றதும் இல்லை. "போரில் இறந்தான், அவன் வினை" என்று கூறிக் கடந்துசெல்ல மன்னர்க்கு எத்துணையோ இடம் இருந்தது. அமைச்சர் அங்ஙனமே தேற்றவும் கூடும். அவர் அவ்வழியை நாடினாரல்லர். தம் பொருட்டு நிகழ்ந்த சாவு தம்மேற் கடனாக நிற்கின்றது என உணர்ந்தார். பெயரறியாத ஒருவன் தலையைப் பேரரசர் ஒருவர் தம் தலைமேற் சுமந்தது போன்ற நடுகல் வேறு எங்கும் நடப்பட்டிலது.

அக்குவையிற் கிடந்த ஏனைத் தலைகட்கு மன்னர் யாது செய்தார் என ஒருவர் வினவலாம். வினா நேர்மையானதே, புராணம் அதற்கு விடை கூறிற்றில்லை. சடை என்னும் அடையாளம் இருந்தமையால் மன்னர் அவ்வொருவனை அறிந்தார். நாமோ சயாமிற் கிடந்தாரை அறிதற்கு அடையாளம் பல உடையேம். நம் மொழி பேசினார், நீறு பூசினார், தோட்டந்தோறும் முருகனுக்கும் மாரியம்மைக்கும் கோயில் எடுத்தார். கண்டும் அறியோம் என்பார்க்கு யாது சொல்வது!

இவ்விடத்து மற்றொன்றும் கூறாது விடல் ஆகாது. கப்பலேறிய அக்குடிகளுட் பலர் தம் ஊர்க் கோயிலுட் புகும் உரிமை பெறாதவர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பு 1939இல் தான் வந்தது. அனைத்துக் கோயில்கட்கும் அது பரவியது 1947இல். 1943இல் காட்டில் மடிந்தவன், சட்டைநாதர் கோயிற் கோபுரத்தைத் தெருவினின்று கும்பிட்டுப் போனவனாகவே பெரிதும் இருத்தல் கூடும். சீர்காழிக்கு அணித்தாய திருப்புன்கூரில், புறத்தே நின்ற திருநாளைப்போவார்க்காக இறைவன் நந்தியை விலகப் பணித்தான் என ஆண்டுதோறும் விரித்துரைக்கும் நாம், அக்குலத்து உழவர் பசியால் கடல் கடந்தபோது யாது செய்தோம்? உயிரோடு இருந்தபோது உள்ளே விடாதவரை இறந்தபின் நினைத்தலேனும் செய்தல் கடன்.

இனி, நடுகல் வழிபாடு பிறதெய்வ வழிபாடாகாதோ எனின், அருணந்தி சிவாசாரியார் அதனைத் தெளிவித்துளார். எத்தெய்வத்தை முன்னிட்டு வழிபடினும் அதனை ஏற்றுப் பயன் தருவான் சிவனே. ஏனைத் தெய்வங்கள் பிறப்பிறப்பு உடையன ஆதலின். கல்லின்முன் ஏற்றிய விளக்கையும் அவனே ஏற்கின்றான். எனினும் அக்கல்லுக்குப் பூசை வேண்டும் என்பது எம் கருத்தன்று. கண் உடையானுக்கும் ஒளி வேண்டுதல் போல, உயிருக்கு அறிவு விளங்கக் காட்டும் சார்பு ஒன்று வேண்டும். சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. மறத்தலையே சார்ந்திருக்கும் ஊர் மறதியின் வண்ணமே ஆகும். ஆதலின் கல் வேண்டுவது இறந்தார்க்கன்று, நமக்கு.

காஞ்சனபுரியில் ஜப்பானியப் படையினரே 1944இல் நினைவுத்தூண் ஒன்று நிறுவினர். அதில் தமிழிலும் எழுத்து உண்டு. துன்பம் செய்தாரே நினைவும் செய்தனர் என்பது நகைத்தற்குரியதா, இரங்கற்குரியதா என்பதனைக் கற்போர் துணிக. தமிழர் தாமே தம்மவர்க்குக் கல் நடுதற்கு எண்பது ஆண்டு சென்றது. 2023இல் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தார் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்றை நாட்டினர். மலேசியாவிலும் ஆர்வலர் குழுவினர் எஞ்சியிருந்த முதியோரைக் கண்டு அவர் வாய்மொழிகளைத் தொகுத்தனர். சங்கம் வைத்து நடத்துவோர் செய்தற்குரிய பணி இதுவே என்று வணங்கத் தோன்றுகின்றது.

அந்நடுகல்லில் தனித்தனிப் பெயர் எழுத இயலாது என்பது உண்மை. அதுபற்றி மனம் தளர வேண்டுவதில்லை. திருவாரூரில் நம்பியாரூரர் அடியார் திருப்பெயர்களை எடுத்தோதியபோது, தனியடியாரோடு ஒன்பது தொகையடியாரையும் வைத்துப் பாடினார். பெயர் தெரியாமை போற்றாமைக்குக் காரணமாகாது என்பதை அவ்வொருசெயலே நாட்டிற்று. அவருள் இறுதியில் நிற்போர் தமிழ் மூவேந்தர் நாட்டிற்கு அப்பாலும், அக்காலத்திற்கு முன்னும் பின்னும் இறைவன் திருவடி சார்ந்தார். தொழிலாளர் அனைவரையும் அடியார் என்று யாம் கூறவில்லை, அது மிகை. தொகையாக வணங்கும் முறை நமக்கு உண்டு என்றே கூறுகின்றோம்.

ஆயினும் தெரியக்கூடிய பெயரைத் தேடாது தொகையென்று விட்டுவிடுதல் சோம்பல். பன்னிரு திருப்பெயர் உடைய காழிப்பதியார் பெயரின் அருமையை அறிவர். 2023 ஏப்ரலில் சட்டைநாதர் கோயில் வளாகத்தில் வேள்விச்சாலைக்கென மண் அகழ்ந்தபோது, இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் எழுதிய நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. எவரோ எழுதி, எவரோ புதைத்துக் காத்தனர். எழுதி வைத்தமையால் அன்றோ மீண்டும் கிடைத்தது?

எனவே காழி வட்டத்துச் சைவ சபையார்க்கு யாம் வேண்டிக்கொள்வது எளியதொன்று. ஊர்தோறும், முதற்கண் வயல்சூழ்ந்த சேரிகள்தோறும் சென்று, மலாய் நாட்டிற்குப் போய் 1942க்குப் பின் செய்தி வாராதார் யாவர் என வினவுக. பேரன் பேத்தியர் நினைவில் சிலவேனும் நிற்கும்; பழைய கடிதம், மணியார்டர்ச் சீட்டு இருப்பினும் இருக்கும். பெயர், தந்தை பெயர், ஊர், கப்பலேறிய ஆண்டு, கடைசிக் கடிதம் வந்த ஆண்டு என்னும் இவற்றை ஓர் ஏட்டில் எழுதுக. இறந்த திதி தெரியாமையால் ஆண்டுக்கடன் செய்ய இயலாது நின்ற குடும்பங்கள் அவருட் பல. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்குமிடத்தே நீர்க்கடன் செய்யப் பல்லாயிரவர் கூடுகின்றனர். அங்கே அவ்வேட்டைத் திறந்து பெயர்களை உரக்க வாசித்து, குடும்பத்தோடு அழிந்து நீர் இறைப்பார் எவரும் இல்லாதார்க்கும் ஒரு கை நீர் விடுக. நாகைத் துறையினின்று கப்பல் சென்றதும் அக்கடல் வழியே.