செம்பின் களிம்பும் அலுமினியச் சக்கரமும்

ஒரு பொருளின் மேல் படிந்ததை முற்றிலும் நீக்கினால் எஞ்சி நிற்பது அதன் இயல்பான வடிவமா, அன்றி அதற்குள்ளும் ஒரு மறைப்பு இருக்கிறதா என்பது சைவ சித்தாந்தம் உயிரைக் குறித்து எழுப்பும் வினா. 1990களில் ப்யூஜோ 309 கார்கள் உருவான கல்யாணிலும், 2023 அக்டோபருடன் டாக்ஸியாக ஓடுவதை நிறுத்திக்கொண்ட பிரீமியர் பத்மினியை வாங்கி வந்து விடுமுறை நாள்களில் வீட்டு வாசலிலேயே சீராக்கும் ஆர்வலர்கள் உள்ள மும்பைப் பகுதிகளிலும், அலாய் வீல் என்னும் அலுமினியக் கலவைச் சக்கரத்தின் பழைய பெயின்ட்டை உரிக்கும் வேலை இவ்வினாவைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைக்கிறது.

மும்பையின் நான்கு மாத மழையும் கழிமுகத்து உப்புக்காற்றும் இத்தகைய சக்கரத்துக்குப் பகை. நிறத்தின் மேல் காப்பாகப் பூசப்படும் லாக்கர் என்னும் தெளிந்த பூச்சு கல் பட்டுத் தெறித்த இடத்தில் ஈரம் நுழைந்துவிட்டால், பூச்சு உடையாமலே அதன் அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளை இழைகளாய் அரிப்பு பரவும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி, விளிம்பில் ஒட்டிய எடைக்கட்டிகளை எடுத்துவிட்டு, பெயின்ட் ரிமூவரைத் தடவிச் சற்று நேரம் விட்டால் பெயின்ட் சுருங்கிக் கொப்பளித்து எழும். அதைச் சுரண்டி, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை படிப்படியாகத் தேய்க்க, சாம்பல் கலந்த வெண்ணிற உலோகம் வெளிப்படும். காஸ்டிக் சோடா விரைவாக வேலை செய்யுமே என்று அதை நாடுவோர், அது பெயின்ட்டோடு அலுமினியத்தையும் கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இவ்வளவுக்குப் பின் கண்ணுக்குத் தெரிவதும் வெற்று உலோகம் அன்று. உப்புத்தாள் விலகிய கணமே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடுப் படலம் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அதன்மேல் மூடிவிடுகிறது.

உயிரைப் பிணிக்கும் மலங்கள் ஆணவம், கன்மம், மாயை என மூன்று என்றும், அவற்றுள் ஆணவம் உயிரோடு தொடக்கமின்றியே உடன் இருப்பதால் சகசம் என்றும், மற்ற இரண்டும் பின்னர் வந்து சேர்வதால் ஆகந்துகம், அதாவது வந்தேறி என்றும் சித்தாந்த நூல்கள் வகுக்கின்றன. சக்கரத்தின் பெயின்ட் வந்தேறி, ஆக்சைடோ உடன்பிறந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரோடு சாத்திர வடிவம் பெற்ற இம்மரபு, ஆணவத்துக்குச் செம்பின் களிம்பையே உவமையாக எடுத்துக்கொண்டது. ஆனால் புளியிட்டு விளக்கிய செம்புப் பாத்திரம் சில நாள்களேனும் பளபளப்பது எந்த வீட்டிலும் காணக்கூடியது. ஆகவே களிம்பு செம்புக்கு அநாதி என்பதைவிட, காலத்தில் வந்து படிவது என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். காற்றுள்ள இடத்தில் ஒரு கணமும் படலமின்றி இராத அலுமினியம், தொடக்கமில்லாத மலத்துக்குச் செம்பைக் காட்டிலும் நெருங்கிய உவமை. அந்த உலோகத்தைத் தனியே பிரித்தெடுக்கும் வழி 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டறியப்பட்டது என்பதால், மெய்கண்டார் அதனை எடுத்தாளாததில் வியப்பில்லை.

உவமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆணவம் இருளாய் நின்று உயிரின் அறிவை மறைப்பதன்றி அதற்கு நன்மை எதுவும் செய்வதாகச் சித்தாந்தி கொள்வதில்லை. ஆக்சைடுப் படலமோ அடியிலுள்ள உலோகத்தை மேலும் அரிக்கவிடாமல் காக்கிறது, அதை உடைக்கும் உப்பு வந்தாலொழிய. நன்மை செய்யும் தொழிலைச் சித்தாந்தி ஏற்பது மற்ற இரு மலங்களிடத்தில்தான். வண்ணான் அழுக்குத் துணியில் சாணியும் உவர்மண்ணும் சேர்த்து அவற்றாலேயே பழைய அழுக்கை நீக்குவதுபோல, இறைவன் மாயையால் உடலையும் கன்மத்தால் அனுபவத்தையும் உயிருக்குக் கூட்டி ஆணவத்தைத் தேய்க்கிறான் என்பது சித்தாந்திகள் கூறும் விளக்கம். பழைய பூச்சை எடுத்தவர் உலோகத்தை வெறுமையாக விட்டுவிடாமல், ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமரை முதலில் அடித்து, அதன்மேல் நிறமும் லாக்கரும் ஏற்றுவதற்கு இவ்விளக்கம் தத்துவ வடிவில் பொருந்துகிறது. மறைப்பு ஒன்று உண்டு என்று அறிந்த மாத்திரத்தில் அது நீங்கிவிடும் என்ற கொள்கைக்குச் சைவ ஆகமங்கள் சொன்ன மறுப்பும் இங்கே நினைக்கத்தக்கது: மலம் ஒரு பொருள், கண்ணில் வளர்ந்த படலத்தைப் போன்றது, அதை நீக்க மருத்துவனின் கருவி வேண்டும், ஆகவே தீக்கை என்னும் கிரியை வேண்டும். லாக்கருக்கு அடியில் அரிப்பு இருப்பதை அறிந்ததால் அது நின்றுவிட்டதாகக் கேள்வியில்லை.

பொறுமையின்மை செய்யும் கேடும் உண்டு. இத்தகைய சக்கரம் பெரும்பாலும் 7 விழுக்காடு அளவு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டு, சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, நீரில் சடுதியில் குளிர்வித்து, பின் மிதமான சூட்டில் பல மணி நேரம் முதிரவைக்கப்படுவதால்தான் வலிமை பெறுகிறது. பெயின்ட்டை எரித்தே எடுத்துவிடலாம் என்று தீயைப் பாய்ச்சுபவர் அந்த முதிர்ச்சியைக் குலைத்துவிடுகிறார். சக்கரம் பார்வைக்கு அப்படியே இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போதுதான் பலவீனம் வெளிப்படும். மலபரிபாகம், அதாவது மலம் நீங்குவதற்கேற்பப் பக்குவப்படும் நிலை வரும்வரை அருள் முழுதாய்ப் பதிவதில்லை என்று சித்தாந்தி காலத்துக்கு இடம் வைத்தது வெறும் தயக்கத்தால் அன்று.

விரிசல் விழுந்த சக்கரத்தை ஒட்டவைத்து ஓட்டுவது ஆபத்து. அது போய்ச் சேரும் இடம் பழைய உலோகத்தை உருக்கும் உலைக்கூடம். தாராவியில் அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் சிறு கூடங்கள் பல உள்ளன. 660 டிகிரியில் உலோகம் உருகினாலும் 2000 டிகிரியைத் தாண்டினாலன்றி உருகாத ஆக்சைடு மேலே ஆடையாக மிதக்கிறது. தொழிலாளி அந்தக் கசடை வழித்தெடுக்க, அடியிலிருந்து தெரிந்த பளபளப்பின் மேல் புதிய ஆடை உடனே படர்கிறது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் ஆற்றல் மட்டுமே மடங்குகிறது என்ற சித்தாந்தத்தின் முடிவை அத்வைதி ஏற்க மறுக்கலாம். ஆனால் மறுப்பவர், படலமற்ற உலோகத்தைக் காற்றுள்ள இந்த உலகில் எங்கே கண்டார் என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும்.