கடவுளுக்காகப் பொய் பேசலாமா? யோபு நூல் காட்டும் இறைப்பண்பும் மறைநூலின் பயனும்

முன்னுரை

கிறித்தவ வாழ்வில் மறைநூல் இரு பணிகளைச் செய்வதாகக் கொள்ளப்படுகிறது. கடவுள் எத்தகைய பண்பினர் என்பதை அறிவித்தல் ஒன்று. அப்பண்புக்கேற்ப மாந்தர் வாழ்வை நெறிப்படுத்தல் மற்றொன்று. கற்பித்தல், கண்டித்தல், சீர்ப்படுத்தல், நீதிநெறியில் பயிற்றுவித்தல் என்னும் நான்கு பயன்களைத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் (3:16) எடுத்துரைக்கிறது. இந்நான்கும் கடவுள் நீதியுள்ளவர், அன்புள்ளவர் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்பன.

ஆயின், இந்நம்பிக்கைக்கும் கண்முன் காணும் துன்பத்துக்கும் இடையே முரண் தோன்றுங்கால் நம்பிக்கையாளர் செய்யத்தக்கது யாது? கடவுளின் நற்பெயரைக் காக்கும் பொருட்டுக் கண்டதைக் காணாததாகவும், காணாததைக் கண்டதாகவும் கூறலாமா? இவ்வினாவை எழுப்பியவர் இறைமறுப்பாளர் அல்லர். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள யோபு என்னும் மாந்தரே இதனை எழுப்புகிறார் (யோபு 13:7-10). அவ்வினாவுக்கு அந்நூல் தரும் விடையை ஆராய்ந்து, அதன்வழி மறைநூலின் பயன் குறித்த ஒரு தெளிவை எட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலமைப்பும் அடிப்படை வினாவும்

யோபு நூல் 42 அதிகாரங்களை உடையது. முதல் இரண்டு அதிகாரங்களும் இறுதி அதிகாரத்தின் பிற்பகுதியும் உரைநடை. இடைப்பட்ட பகுதி பெரும்பாலும் செய்யுள். உரைநடைப் பகுதி கதையைச் சொல்ல, செய்யுட் பகுதி வழக்கை நடத்துகிறது.

குற்றமற்றவர் எனக் கடவுளாலேயே சான்றளிக்கப்பெற்ற யோபு, ஒரே நாளில் தம் செல்வத்தையும் பத்து மக்களையும் இழக்கிறார். பின்னர் உடல்நலத்தையும் இழக்கிறார். இதற்குக் காரணமாக அமைவது விண்ணவை ஒன்றில் குற்றஞ்சாட்டுவோன் எழுப்பும் ஒரு வினா. யோபு பயன் கருதாமலா கடவுளுக்கு அஞ்சுகிறான் என்பதே அது (1:9). பயனுக்காக மட்டுமே பத்தி எனின் அது வாணிகமாகுமேயன்றிப் பத்தியாகாது. ஆகவே இவ்வினா யோபின் பண்பை மட்டுமன்றிக் கடவுளின் பண்பையும் ஐயுறுகிறது; கொடுப்பதற்காக அன்றித் தமக்காகவே நேசிக்கப்படும் தகுதி கடவுளுக்கு உண்டா என்பது அதனுள் அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் எபிரேய மூலம் ஆளும் ‘ஹின்னாம்’ என்னும் சொல் நோக்கத்தக்கது. பயனின்றி, காரணமின்றி என்னும் இருபொருளும் தரவல்லது அச்சொல். குற்றஞ்சாட்டுவோன் அதனை ஆண்ட பின், கடவுளே அதனை ஆண்டு, காரணமின்றி யோபை அழிக்க நீ என்னைத் தூண்டினாய் என்கிறார் (2:3). பின்னர் யோபும் அதே சொல்லால் தம் காயங்கள் காரணமின்றிப் பெருகுவதை முறையிடுகிறார் (9:17). காரணமற்ற பத்தியும் காரணமற்ற துன்பமும் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டுள்ளன. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பழைய மொழிபெயர்ப்பு, முதலிடத்தில் ‘விருதா’ என்றும் பின்னைய இடங்களில் ‘முகாந்தரமில்லாமல்’ என்றும் பெயர்த்துள்ளது. பொருள் நோக்கில் இரண்டும் பொருத்தமே. எனினும், யோபின் முறையீட்டைக் கடவுளின் சொல்லே முன்கூட்டி மெய்ப்பித்துவிட்டது என்னும் நயம் தமிழில் மறைந்துவிடுகிறது.

நண்பர்களின் வாதம்

எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் மூவரும் கொடியவர் அல்லர். நண்பரின் நிலை கண்டு ஏழு நாள் பேச்சின்றி அவருடன் தரையில் அமர்ந்தவர்கள் (2:13). அவர்கள் கூறுவன சமயப் புறம்பான கருத்துகளும் அல்ல. கீழ்ப்படிந்தோர்க்கு ஆசியும் மீறியோர்க்குச் சாபமும் என்னும் கருத்து இணைச்சட்ட நூலின் 28ஆம் அதிகாரத்தில் விரிவாக உள்ளது. நீதிமொழிகள் நூலிலும் பரவலாகக் காணப்படுகிறது. எலிப்பாசின் கூற்றொன்றைப் பவுலடியார் மறைநூல் மேற்கோளாகவே எடுத்தாள்கிறார் (5:13, 1 கொரிந்தியர் 3:19).

அங்ஙனமாயின் அவர்தம் பிழை யாது? பாவம் துன்பம் தரும் என்பதிலிருந்து, துன்புறுவோர் அனைவரும் பாவிகள் என்னும் முடிவுக்கு அவர்கள் தாவுகின்றனர். அளவை நூலார் இதனை ஏலார். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு. அதனால் நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு எனல் ஆகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்பது தருக்க நூலார் காட்டும் சான்று. மணிமேகலையின் அளவை பற்றிய பகுதிகளைக் கற்றோர்க்கு இவ்வகை வழு புதியதன்று.

இவ்வழு தருக்க அளவில் நின்றிருந்தால் தீங்கு சிறிது. நூல் அதன் வளர்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகிறது. தொடக்கத்தில் எலிப்பாசு மென்மையாகப் பேசுகிறார். பில்தாது, இறந்த மக்கள் தம் பாவத்துக்கு இரையாயினர் எனக் குறிப்பிடுகிறார் (8:4). சோப்பார், குற்றத்துக்கு உரிய அளவினும் குறைவாகவே கடவுள் தண்டித்துள்ளார் என்கிறார் (11:6). முடிவில் எலிப்பாசு, யோபு எளியோரின் ஆடையைப் பறித்தவர், களைத்தவர்க்கு நீர் மறுத்தவர், கைம்பெண்களை வெறுங்கையராய் அனுப்பியவர் எனக் குற்றப்பட்டியலே தருகிறார் (22:6-9). இவற்றுள் ஒன்றையும் அவர் கண்டதில்லை. கொள்கை நிலைபெற வேண்டுமாயின் குற்றம் இருந்தே ஆகவேண்டும். இல்லாத இடத்தில் அது படைக்கப்படுகிறது. கடவுளின் நீதியைக் காக்கப் புகுந்தவர், அக்கடவுளின் கட்டளைகளுள் ஒன்றான, பிறர்க்கு எதிராகப் பொய்ச்சான்று கூறாமை (விடுதலைப் பயணம் 20:16) என்பதனை மீறி நிற்கிறார்.

யோபின் மறுப்பும் வாய்மையும்

இந்நிலையிலேயே யோபின் வினாவின் கூர்மை புலனாகிறது. கடவுளுக்காக நீங்கள் பொய் பேசுவீர்களோ, அவர் பக்கம் சாய்ந்து வழக்காடுவீர்களோ என அவர் வினவுவதோடு நில்லாமல், அவ்வாறு சாய்வோரைக் கடவுளே கண்டிப்பார் என்றும் உறுதி கூறுகிறார். இஃது ஆழ்ந்த நம்பிக்கைக் கூற்றாகும். தம்மைத் துன்புறுத்துவதாகத் தாம் கருதும் கடவுளே, தமக்காகச் சொல்லப்படும் பொய்யை ஏற்கமாட்டார் என யோபு நம்புகிறார். கடவுளின் பண்பு குறித்து நண்பர்கள் கொண்ட மதிப்பினும் யோபு கொண்ட மதிப்பே உயர்ந்தது எனலாம்.

செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், இறைநீதியை நிறுவும் மெய்யியல் முயற்சிகள் அனைத்தும் தோல்வியுற்றமை குறித்து 1791இல் எழுதிய கட்டுரையில் யோபு நூலை எடுத்துக்கொண்டு, யோபின் சிறப்பு அவரது உள்ளத் தூய்மையான வாய்மையே எனக் காட்டினார். நண்பர்கள் வல்லவர் ஒருவரின் செவிக்கு இனிமையாகப் பேசுகின்றனர். யோபு தாம் எண்ணியதையே பேசுகிறார். பெரு நாட்டு இறையியலாளர் குசுத்தாவோ குத்தியேரசு 1986இல் வெளியிட்ட யோபு பற்றிய நூலோ, குற்றமற்றோர் துன்புறும் சூழலில் கடவுளைப் பற்றி எம்மொழியில் பேசுவது என்பதனையே மைய வினாவாக்கியது. இருவேறு காலத்து இருவேறு நோக்கினரும் வாய்மையான பேச்சு என்னும் ஒரே இடத்தில் வந்து நிற்பது கருதத்தக்கது.

தமிழ் மரபோடு ஓர் ஒப்பீடு

படைத்தோனைக் கடிந்துரைத்தல் தமிழ் இலக்கியத்துக்கு அயலானதன்று. ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் முரணைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், இவ்வாறு படைத்தவனைப் பண்பிலாதவன் என்றே சுட்டுகிறார் (புறநானூறு 194). இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடுக என இரவச்ச அதிகாரத்தில் வள்ளுவர் சினக்கிறார். கண்ணொளி இழந்த சுந்தரர் இறைவனை நேர்நின்று உரிமையோடு இடித்துரைக்கிறார்.

எனினும் வேறுபாடுகளும் உள. நன்கணியார் உலகின் துன்ப இயல்பை உணர்ந்தோர் இனியவை காண்க என அறிவுரையில் அமைகிறார். வள்ளுவரின் சினம், வறுமையை விதியெனக் கொள்ளும் சமூக மனநிலையையும் சுடுகிறது. சுந்தரரின் கண்ணிழப்புக்குச் சூளுறவு தவறியமை காரணம் எனப் பெரியபுராணம் கூறும். யோபின் வழக்கிலோ தவறே இல்லை என்பது நூலின் முதல் வரியிலேயே நிறுவப்படுகிறது.

யோபோடு பெரிதும் ஒப்பவைக்கப்படுபவர் அரிச்சந்திரன். இரு கதைகளிலும் விண்ணவையில் எழும் ஒரு வாதே மண்ணுலகில் ஒருவரின் துன்பமாகிறது. ஆயின் அரிச்சந்திரன் காக்கும் வாய்மை கொடுத்த சொல்லைக் காக்கும் வாய்மை. யோபு காக்கும் வாய்மை தம் நிலையைக் கடவுள் முன்னும் மறையாது உரைக்கும் வாய்மை. அரிச்சந்திரனின் மகன் உயிர்பெற்று எழுகிறான். யோபின் மக்கள் எழுவதில்லை.

இறைவனின் தீர்ப்பு

சூறாவளியினின்று கடவுள் பேசுகிறார் (38-41). விண்ணவையில் நிகழ்ந்ததை அவர் யோபுக்குத் தெரிவிக்கவில்லை. துன்பத்துக்குக் காரணமும் கூறவில்லை. மாந்தர் வாழாத பாலையிலும் பெய்யும் மழையையும், காட்டுக் கழுதையையும், தீக்கோழியையும், லிவியத்தானையும் காட்டுகிறார். உலகம் மாந்தரின் நன்மை தீமைக் கணக்குக்காக மட்டும் இயங்குவதன்று என்பது அப்பேச்சின் உட்கிடை. கைம்மாறு என்னும் ஒற்றை விதிக்குள் படைப்பை அடக்கிய நண்பர்களின் உலகம் இதனால் தகர்கிறது. அறியாத ஒன்றைக்கொண்டு கடவுளைக் குற்றவாளியாக்கிய அளவில் யோபும் கண்டிக்கப்படுகிறார் (40:8).

ஆயினும் இறுதித் தீர்ப்பு வியப்புக்குரியது. என் ஊழியன் யோபைப் போல் நீங்கள் சரியானதைப் பேசவில்லை எனக் கடவுள் எலிப்பாசிடம் சினந்துரைக்கிறார் (42:7). ‘என்னைப் பற்றி’ எனப் பொதுவாகப் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லுக்கு ‘என்னை நோக்கி’ என்பதே நேர்ப்பொருள். இப்பொருளும் நூலோடு இயைகிறது. நண்பர்கள் நூல் முழுவதும் கடவுளைப் பற்றிப் பேசினரேயன்றி ஒருமுறையேனும் கடவுளை நோக்கிப் பேசவில்லை. யோபோ, குற்றஞ்சாட்டியபோதும் கடவுளையே முன்னிலைப்படுத்தினார்.

யோபுக்குச் செல்வம் இருமடங்காகத் திரும்புவது நண்பர்களின் கொள்கையை மீண்டும் நிலைநாட்டுகிறதே என ஒரு தடை எழலாம். முதலாவது, தீர்ப்பு முன்னும் செல்வம் பின்னும் அமைகின்றன. தம்மைப் பழித்த நண்பர்களுக்காக யோபு வேண்டிய பின்னரே நிலை மாறுகிறது. இரண்டாவது, திருடியவர் இருமடங்கு ஈடு தரவேண்டும் என்னும் சட்டத்தை (விடுதலைப் பயணம் 22:4) நினைவூட்டும் இவ்விருமடங்கு, காரணமின்றி எடுக்கப்பட்டதை ஒப்புக்கொள்வதாகவும் கொள்ளத்தக்கது. மூன்றாவது, 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. மக்களோ முன்போலவே பதின்மர். இறந்த பதின்மரின் இழப்பை நூல் ஈடுசெய்யவுமில்லை. அதற்கு நியாயம் கற்பிக்கவுமில்லை. அவ்விடத்தை விளக்கத்தால் நிரப்ப முயல்வோர் மீண்டும் நண்பர்களின் இருக்கையிலேயே சென்று அமர்வர்.

மறைநூலின் பயன்

நண்பர்களின் பேச்சுகளும் மறைநூலின் பகுதிகளே. எனவே மறைநூலில் உள்ளது என்பதனாலேயே ஒரு கூற்று எவ்விடத்திலும் எவர்மீதும் ஏவத்தக்கதாகிவிடாது. பாலைநிலச் சோதனையில் அலகையும் திருப்பாடலொன்றை (91) எடுத்துக்காட்டியே பேசுவதாக மத்தேயு கூறுகிறார் (4:6). மேற்கோள் காட்டல் வேறு. அதனை வாய்மையோடும் அன்போடும் ஆளுதல் வேறு.

நற்செய்தி நூல்களில் இயேசு இவ்விடத்தில் யோபின் பக்கமே நிற்கிறார். பிறவிப் பார்வையற்றவரைக் கண்டு இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா எனச் சீடர் வினவியபோது இரண்டையும் மறுக்கிறார் (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றோரினும் குற்றவாளிகள் அல்லர் என்கிறார் (லூக்கா 13:4). சிலுவையில் அவர் எடுத்துக்கொண்டது 22ஆம் திருப்பாடலின் கைவிடப்பட்டோர் முறையீட்டையே (மத்தேயு 27:46). முறையிடும் மொழியும் மறைநூல் தரும் கொடை என்பது இதனால் பெறப்படும்.

2004 டிசம்பர் 26 அன்று, கிறித்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், வேளாங்கண்ணிக்கு வழிபட வந்திருந்தோர் பலர் ஆழிப்பேரலையில் மாண்டனர். வழிபாட்டுக்கு வந்தவர்களின் சாவுக்கு அவர்தம் பாவத்தைக் காரணம் காட்டுபவர் கடவுளைக் காக்கவில்லை. எலிப்பாசைப் போல இறந்தோர்மேல் பொய்ச்சான்று பகர்கிறார். நோய், வறுமை, பிறப்பால் வரும் இழிவு ஆகியவற்றுக்குத் துன்புறுவோரின் செயலையே காரணமாக்கும் விளக்கங்கள் எல்லாச் சமயங்களிலும் உள. அவை விளக்குவோர்க்கு அச்சத்தை நீக்குகின்றன. துன்புறுவோர்க்கு இரண்டாம் துன்பமாகின்றன.

முடிவுரை

யோபு நூல் துன்பத்தின் காரணத்தைக் கூறும் நூலன்று. துன்பத்தின் முன் எவ்வாறு பேசுவது என்பதைக் கற்பிக்கும் நூல். அந்நூல் காட்டும் கடவுள், தம்மைப் புகழும் பொய்யினும் தம்மோடு வழக்காடும் வாய்மையை ஏற்பவர். இப்பண்பு உண்மையாயின், மறைநூலை வாழ்வின் அளவுகோலாகக் கொள்வோர்க்கு அதனைக் கொண்டு பிறரை வாயடைக்கும் உரிமை இல்லை.

கிறித்தவ மரபு யோபைப் பொறுமையின் எடுத்துக்காட்டாகவே பெரிதும் போற்றிவந்துள்ளது. யாக்கோபு திருமுகமும் (5:11) அதற்கு இடமளிக்கிறது. அப்பொறுமை வாய்பேசாமை அன்று. விடை வரும்வரை வழக்கைக் கைவிடாமையே அது. நண்பர்கள் செய்தவற்றுள் நூல் குறைகூறாதது அந்த ஏழு நாள் மௌனம் ஒன்றே. துன்புறுவோர் அருகில் மறைநூலோடு செல்வோர் முதலில் கற்கவேண்டிய பாடமும் அதுவேயாகும்.