வாளைத் துறந்தவர்



திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் ஆலயத்தைச் சுற்றி நடப்போர், இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டையும் காண்பர். கேரளத்தில் பிறந்து, சோழ இளவரசன் இராசாதித்தனுக்குத் தோழரான ஒருவர், 949இல் தக்கோலப் போரில் அவனுடன் மடியவில்லையே என வருந்தினார். துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் இங்குள்ள மடத்தின் தலைவரானார். அவர் சைவர். இளவரசனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனோ ஜினநெறியைப் போற்றியவன்!

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. நெறியின் பெயர் எவரையும் உயர்த்தாது; கொல்லாமையே உயர்த்தும். பிற சமயத்தில் விளைந்த துறவையும் உண்மையின் ஒரு கூறென மதிப்பதே அநேகாந்தம். நம் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வோம். இருவர் வரலாற்றையும் மறைக்காது உரைப்போம்.

அறம் வளர்க!