ஊர்ப் பள்ளி, சேரிப் பள்ளி, பொதுப் பள்ளி

புளியறை என்றால் லாரிக்காரர்களுக்குச் சோதனைச் சாவடி. வியாழக்கிழமை வருகிற பக்தர்களுக்குத் தட்சிணாமூர்த்தி. எங்களுக்கு வயல். மலையடிவாரத்து நெல்வயலில் குனிந்து நட்ட முதுகுகளுக்கு இந்த ஊர் வேறு எப்படியும் தெரிந்திருக்க நியாயமில்லை. என் தாத்தா பிறந்தபோது இது மதராஸ் மாகாணமும் இல்லை. செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்தப் பக்கம் சேர்ந்தது. எட்டொன்பது மைல் கிழக்கே தென்காசி. அது வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலி ஜில்லா. "நாம ராஜா குடி, அவுக தொர குடி" என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். எந்தக் குடியானாலும் குடியிருந்தது சேரியில்தான் என்பதை அவர் சொல்ல மாட்டார். சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

இந்தப் பழைய எல்லையை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சேரிப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பது என்ற ஒரே கேள்விக்கு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு அரசுகள் இரண்டு பதில் சொல்லின. ஊர்ப் பள்ளிக்குள்ளேயே விடு என்றது திருவிதாங்கூர். தனியாக ஒன்று கட்டிக் கொடு என்றது மதராஸ். நூறு வருஷம் கழித்தும் அந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில்தான் நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

திருவிதாங்கூர் ஒன்றும் தானாக மனமிரங்கிச் சொல்லவில்லை. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817இலேயே ராணி கௌரி பார்வதி பாய் பிரகடனம் செய்ததைப் பெருமையாக எழுதுவார்கள். அந்தப் பிரகடனத்துக்குப் பிறகு தொண்ணூறு வருஷம் புலையர் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியவில்லை என்பதை அதே வரியில் எழுத மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அய்யங்காளி 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கி, எங்கள் பிள்ளைகளை உங்கள் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது. சொன்னபடியே ஆள் இறங்கவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. இறங்காதவர்கள் பட்டினி கிடந்தார்கள். உலகத்தில் கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் பண்ணியவர்கள் உண்டு. அ, ஆ படிப்பதற்காக வயலில் இறங்க மாட்டோம் என்று சொன்ன கூலிகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

உத்தரவு வந்தது. வந்ததும் என்ன நடந்தது? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அய்யங்காளி பெஞ்சில் உட்கார வைத்தார். ஆதிக்க சாதியார் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். ஒரு பெண் குழந்தை உட்கார்ந்த பள்ளிக்கூடம் இருப்பதைவிட பள்ளிக்கூடமே இல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்திருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளும் படித்த இடம் என்ற நினைப்புகூட வரவில்லை. பாதி கருகிய ஒரு பெஞ்சு இன்னும் அங்கே இருக்கிறது. இப்போது அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி பேரும் பஞ்சமி பேரும் வைத்திருக்கிறார்கள்.

கொளுத்தியவர்களை விடுங்கள், எழுதியவர்களைப் பாருங்கள். பத்திரிகைச் சுதந்திரத்தின் தியாகி என்று இன்றும் கொண்டாடப்படுகிற 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை 1910இல் தன் பத்திரிகையில் இந்தச் சேர்க்கையை எதிர்த்தார். தலைமுறை தலைமுறையாகப் புத்தியை உழுதவர்களையும் நிலத்தை உழுதவர்களையும் ஒன்றாக வைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்பது அவர் வாதம். அதே வருஷம் திவானை விமர்சித்ததற்காக அரசு அவரை நாடு கடத்தி, எங்கள் திருநெல்வேலியில் கொண்டுவந்து விட்டது. அரசை எதிர்க்கிற துணிச்சலும் சேரிப் பிள்ளைக்குப் பக்கத்தில் தன் பிள்ளை உட்காரக் கூடாது என்கிற பயமும் ஒரே மனுசனுக்குள் சண்டை போடாமல் குடியிருக்க முடியும். முற்போக்குத் தோழர்களிடம் நான் முப்பது வருஷமாகப் பார்த்துவருவதும் இதைத்தான்.

மதராஸ் பக்கம் வழி வேறு. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மிஷன்காரர்கள் அதற்கு முன்பே சேரிகளில் தொடங்கியிருந்தார்கள். 1920களில் லேபர் கமிஷனரின் கீழ் அரசே தனிப் பள்ளிகளை நடத்தியது. லேபர் ஸ்கூல், அரிசன நலப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று பெயர்ப்பலகை மட்டும் தலைமுறைக்கு ஒருதரம் மாறியது. ஊர்ப் பள்ளி அக்ரகாரத்திலும் கோயில் வாசலிலும் இருந்த காலம் அது. அந்தத் தெருவில் நடக்கவே விடாதவன் பள்ளிக்குள் விடுவானா? ஊரோடு மோதாமல் காரியம் முடிய, தனிப் பள்ளி அரசுக்குச் சுலபமான வழி. நமக்கு அதுதான் கிடைத்த ஒரே வழி.

நான் ரெண்டு பள்ளியிலும் படித்தவன். பேர் வேண்டாம். அஞ்சாவது வரை சேரிக்குள் இருந்த அரிசன நலப் பள்ளி. அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். ஜூன் மாசம் பள்ளி திறப்பதும் சாரல் தொடங்குவதும் ஒன்றாக வரும். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்களுக்கு வகுப்பில் ஒழுகல். சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வோம். வாத்தியார் வெளியூர்க்காரர். சைக்கிளில் கூசா கட்டித் தண்ணி கொண்டுவருவார். எங்க பானையைத் தொட மாட்டார். நம்ம பள்ளிக்கூடத்திலேயே நாமதான் தீண்டப்படாதவங்க, பாத்துக்கிடுங்க. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அஞ்சு வருஷத்தில் யாரும் என்னை எந்திரிச்சு நிக்கச் சொல்லவில்லை.

ஆறாவதுக்கு ஊர்ப் பள்ளி. மழை ஒழுகாத கட்டடம், பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மைதானம். சேர்ந்த மறு வாரம் ஒருத்தர் கையில் பாரத்தோடு வந்தார். "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க." ஸ்காலர்ஷிப் கணக்கெடுப்பு. நல்ல மனுசன்தான். எங்களுக்குப் பணம் வாங்கித்தரத்தான் வந்திருக்கிறார். எந்திரித்தோம். ஒவ்வொருத்தராகத் தலையெண்ணி எழுதி முடிக்க அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்தில்தான், ஒரு வாரமாக என் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தவன் நான் யார் என்று தெரிந்துகொண்டான். உட்கார்ந்தபோது எனக்கும் அவனுக்கும் நடுவில் அவன் பை இருந்தது.

அந்தப் பையை எந்த உத்தரவு நகர்த்தும்? பள்ளிக்கூடத்தில் பாதியை அரசாங்கம் நடத்துகிறது, மீதியை ஊர் நடத்துகிறது. கதவைத் திறக்க உத்தரவு போதும். உள்ளே இருக்கிற ஊரை என்ன செய்வது? சதாராவில் தனிக் கோணிச் சாக்கில் உட்கார்ந்து, பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்று படித்த அம்பேத்கரும் அரசுப் பள்ளிக்கு உள்ளேதான் இருந்தார், வெளியே இல்லை.

அப்படியானால் தனிப் பள்ளியே போதுமா? அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1935இல் இதே கேள்வியை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார். வாழ்நாள் முழுக்க இனப்பிரிவினையை எதிர்த்தவர், கறுப்புக் குழந்தைக்குத் தேவை தனிப் பள்ளியும் அல்ல, கலப்புப் பள்ளியும் அல்ல, கல்விதான் என்று வாதிட்டார். தன்னை வெறுக்கிற ஆசிரியரிடம் அந்தக் குழந்தையை ஒப்படைக்க அவருக்கு மனமில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து, 1954இல், தனிப் பள்ளிகள் சட்டவிரோதம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. ஆனால் அமலானபோது தெற்கு மாநிலங்களில் பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பர் பள்ளிகள். வேலை போனது பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களுக்கு. கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பள்ளிக்குப் போனார்கள். வெள்ளைப் பிள்ளைகள் கறுப்புப் பள்ளிக்கு அவ்வளவாக வரவில்லை.

எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். சேரிப் பிள்ளை ஊர்ப் பள்ளிக்குப் போகலாம் என்ற உத்தரவை வரலாற்றில் பார்க்கிறோம். ஊர்ப் பிள்ளை சேரிப் பள்ளிக்கு வந்து படிக்கட்டும் என்று எந்த ராஜாவும், தொரையும், மந்திரியும் சொன்னதாக நான் பார்க்கவில்லை. பொது என்றால் ரெண்டு பக்கமும் நடக்கிற பாதை இல்லையா? நம்ம இடம் பொது ஆகாது, அவங்க இடம்தான் பொது என்பதை யார் முடிவு பண்ணினது? ஊர்க்கிணறு, ஊர்க்கோயில், ஊர்ச்சாவடி எல்லாவற்றுக்கும் இதே கதை. போய்க் கேட்கிறவன் நாம், இடம் விடுகிறவன் அவன். விட்ட பிறகும் அது அவன் இடம்தான்.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியவில்லை. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் தின்பண்டம் வாங்க வந்த நம்ம பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லி, அதை அவரே படமும் எடுத்துப் பரப்பினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும், தனித்தனித் துறைப் பள்ளிகளை ஒரே துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பவையும் அதில் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 பட்ஜெட்டிலேயே அறிவிப்பு வந்து, எதிர்ப்பும் கிளம்பியிருந்தது.

பெயரை எடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் பெயரே சாதிச் சான்றிதழாக இருக்கும் அவமானம் எனக்குத் தெரியும். பயமெல்லாம் அந்த இடத்தைப் பற்றித்தான். சேரிக்கு நடுவில், நம்ம நிலத்தில், பொம்பளைப் பிள்ளைகள் ஊர்த்தெருவைக் கடக்காமல் போய்ப் படித்த அந்த ரெண்டு அறை என்ன ஆகும்?

இணைப்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பேசியவர் படித்த தம்பி, நம்ம ஆளுதான். சமத்துவம், ஒருங்கிணைப்பு என்று அழகாகப் பேசினார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்தாள். நாற்று நடுகிற கை. பள்ளிக்கூடம் போனதில்லை.

"எல்லாஞ் சரி தம்பி. ரெண்டையும் ஒண்ணாக்குதேங்கிய. பெறகு பூட்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போடுவிய?"

தம்பி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.