இடம், தடம், திசை, உயரம்: காட்டுக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி தேர்வது எப்படி?

திருவனந்தபுரம் நகரின் கரமனையைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு, அகத்தியமலைத் தொடரில் செம்முஞ்சி மொட்டை என்ற சிகரத்தின் சரிவில் பிறக்கிறது. பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்குப் பக்கத்தில் பனத்துறையில் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் மேற்பகுதிக் காட்டில் நடப்பவர்கள் பலர்: வனக் காவலர், விலங்குக் கணக்கெடுப்புக்குச் செல்லும் தன்னார்வலர், தாவரம் தேடும் மாணவர், அகத்தியர்கூடச் சிகரத்துக்குச் செல்லும் யாத்திரிகர். அவர்கள் கையில் இருக்கத்தக்க ஜி.பி.எஸ். கருவியை எப்படித் தேர்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மேலைநாடுகளில் இத்தகைய கருவிகள் வேட்டைக்காரரையும் மனத்தில் வைத்து விற்கப்படுகின்றன. நம் நாட்டில் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பதும், இரை காட்டி ஈர்ப்பதும், விரட்டிச் செல்வதும்கூட அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே. கேரளத்தில் 2022-இல் வந்த அரசு முடிவின்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதிக்கலாம்; அங்கும் உரிமம் பெற்று, பட்டியலில் இடம்பெற்றவரே சுட முடியும். ஆகவே நமக்கு எஞ்சுவது வேட்டையின் முன்பாதி: காலடி காண்பது, எச்சம் குறிப்பது, நீர்த்துறை அறிவது, வந்த வழி தவறாமல் திரும்புவது. இந்தப் பணிக்குத்தான் கருவி வேண்டும்.

முதலில், கருவி எதை அளக்கிறது என்று தெளிவோம். அது அளப்பது நேரத்தை மட்டுமே. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் கடிகார நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் ஒரு மைக்ரோ விநாடிப் பிழை 300 மீட்டர்ப் பிழையாகும். செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரம் உண்டு. கையில் உள்ள கருவியில் இருப்பதோ மலிவான கடிகாரம். அதன் பிழையையும் ஒரு விடையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான், மூன்று கோள்கள் போதாமல் நான்காவதும் தேவைப்படுகிறது. இப்படிக் கிடைப்பது ஒன்றே: இடம். தடம், திசை, உயரம் என்று திரையில் காணும் மற்றவை அந்த இடத்திலிருந்து பெறப்பட்டவை, அல்லது வேறு உணரிகள் தந்தவை. எதை எந்த வழியில் பெறுகிறது என்று கேட்கத் தெரிந்தால், கருவிகளுக்குள் உள்ள வேறுபாடு தானே விளங்கும்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் எந்தக் கருவியும், கைப்பேசி உட்பட, சில மீட்டர்த் துல்லியம் தரும். காட்டில்தான் தரம் பிரிகிறது. ஈரமான இலைக்கூரை அலையை உறிஞ்சுகிறது. பாறைச் சுவரும் அடிமரமும் அதைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வந்த அலை நீண்ட வழி வந்தது என்பதை அறியாத கருவி, நம்மை ஓடைக்கு அக்கரையில் காட்டிவிடும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனா. கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையில் தட்டையான ஆன்டெனா இருக்கிறது. கருவியை வானம் பார்க்கக் கிடையாகப் பிடிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65 போன்றவற்றில் தலையில் கட்டைவிரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆன்டெனா உண்டு. அதை நிமிர்த்திப் பிடித்து நடக்கலாம், தோள்பட்டை வாரில் செருகி வைத்தாலும் நன்றாக வேலை செய்யும். இரு கையும் வேண்டியிருக்கும் சரிவுப் பாதையில் இந்த வேறுபாடு பெரிது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அலைவரிசை; அதன் காரணம் நம் ஊருக்கே உரியது. பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு அருகே செல்கிறது. அதனால்தான் 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட், அந்நகரை அடுத்த தும்பாவில் ஏவப்பட்டது. அதற்கும் நூறாண்டுக்கு முன்பே, திருவிதாங்கூர் அரசின் வானாய்வு நிலைய இயக்குநர் ஜான் ஆலன் புரூன், 1855-இல் அகத்தியமலை உச்சியிலேயே ஒரு காந்த ஆய்வகத்தை நிறுவி அளவெடுத்தார். இந்தக் காந்த நடுக்கோட்டின் மேலே உள்ள அயனிமண்டலம் அமைதியற்றது. பொழுது சாய்ந்தபின் நள்ளிரவு வரை, சிறப்பாக மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சூரியனின் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில், செயற்கைக்கோள் அலைகள் துடித்து நலிந்துபோவதுண்டு. பகலிலும் அயனிமண்டலம் அலையைத் தாமதப்படுத்துகிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைக் கேட்கும் கருவி, பொதுவான ஒரு சூத்திரத்தைக் கொண்டு அத்தாமதத்தில் ஏறத்தாழப் பாதியை நீக்கும். 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கும் இரட்டை அலைவரிசைக் கருவியோ, இரண்டின் தாமத வேறுபாட்டிலிருந்து உண்மைத் தாமதத்தையே கணக்கிட முடியும். பாறையில் பட்டுத் திரும்பிய அலையைப் பிரித்தறிவதிலும் இரண்டாம் அலைவரிசை மேம்பட்டது. ஐரோப்பாவில் இது வசதி என்றால், நம் அட்சரேகையில் இது தேவைக்கு நெருங்கிய ஒன்று.

இத்துடன் ககன் என்ற இந்தியத் திருத்த அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக உருவாக்கிய இது, ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 ஆகிய கோள்களின் வழியே அயனிமண்டலப் பிழையின் திருத்தத்தை அனுப்புகிறது. கையடக்கக் கருவியின் அமைப்புப் பட்டியலில் ‘வாஸ்’ என்ற அமெரிக்கப் பெயரில் காணும் தேர்வை இயக்கி வைத்தால் ககனின் திருத்தமும் கிடைக்கலாம். புல்வெளியிலும் மொட்டைப் பாறையிலும் பயன்படும். அடர்ந்த சோலைக்குள் எதிர்பார்க்க வேண்டாம்.

இனித் தடம். நடந்த வழியைக் கருவி புள்ளிகளாகப் பதிந்துகொண்டே வருகிறது. திரும்பி வரும்போது உயிர்காப்பது இதுவே. இங்கே நுட்பம் ஒன்று உண்டு. மரநிழலில் அரைமணி நேரம் அமர்ந்து உண்ணும்போது, நாம் அசையாவிட்டாலும் கணக்கிட்ட இடம் பத்து இருபது மீட்டருக்குள் அலைந்துகொண்டே இருக்கும். திரையில் அது நூல்சிக்குபோல் தெரியும். அந்தச் சிக்கலின் நீளமெல்லாம் நடந்த தூரத்தில் சேர்ந்துவிடும். ரோந்துத் தூரத்தைப் பதிவேட்டில் எழுதும் வனக் காவலருக்கு இது பொய்க்கணக்காகும். எனவே பதிவு இடைவெளியை நேரத்தால் மட்டுமன்றித் தூரத்தாலும் வகுத்துக்கொள்ளும் வசதி வேண்டும். காலடி கண்ட இடம், உப்பு மண் உள்ள இடம் போன்றவற்றைக் குறிக்கும்போது, ஒரே இடத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கும் வசதியும் வேண்டும். அடுத்த ஆண்டு கேமராப் பொறி வைக்க வருபவர் அதே மரத்தடிக்கு வர இதுவே வழி.

திசை இரு வகையில் கிடைக்கிறது. நடந்துகொண்டிருந்தால், முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்குக் கோடு வரைந்து கருவி திசை சொல்லும். நின்றுவிட்டால் அந்தக் கோடு இல்லை, அம்புக்குறி தடுமாறும். வழி தவறியதாக உணர்பவர் முதலில் செய்வது நிற்பதுதான். அந்த நேரத்தில்தான் இக்கருவி வாயடைத்துப்போகிறது. மின்னணுக் காந்த ஊசி உள்ள கருவி நின்றாலும் திசை காட்டும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. காந்த ஊசியும் காற்றழுத்த உயரமானியும் பின்னதில் மட்டும் உண்டு. மின்கலம் மாற்றும்போதெல்லாம் கருவியைச் சுழற்றி ஊசியை நேர்செய்ய வேண்டும். சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்று பையில் இருப்பது இவை எல்லாவற்றுக்கும் மேலான காப்பு.

உயரம்தான் நான்கிலும் நுட்பமானது. செயற்கைக்கோள் கணக்கு தருவது, பூமியைத் துருவங்களில் சற்றே தட்டையான சீரான கோளமாகக் கருதி அதன் மேற்பரப்பிலிருந்து எடுத்த உயரம். உண்மையான கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கடல்மட்டத்தின் இத்தகைய பள்ளங்களில் உலகிலேயே ஆழமானது இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. நம் பகுதி அதன் விளிம்பில் இருப்பதால், திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரையில் நின்று திருத்தப்படாத உயரத்தைப் பார்த்தால் கடல்மட்டத்துக்குக் கீழே 90 மீட்டருக்கு மேல் என்று காட்டும். கருவி பழுதாகவில்லை. நல்ல கையடக்கக் கருவிகள் இந்த வேறுபாட்டை அட்டவணை கொண்டு திருத்திவிடுகின்றன. சில கைப்பேசிச் செயலிகள் திருத்துவதில்லை. ஒரே குழுவில் இருவர் இரு விதமாக உயரம் எழுதினால், காரணம் பெரும்பாலும் இதுவே.

காற்றழுத்த உயரமானி சிறு ஏற்ற இறக்கங்களை இன்னும் நுட்பமாகச் சொல்லும். ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவில் உயர்ந்து மாலை 4 மணியளவில் தாழ்கிறது. அந்த வேறுபாடு ஏறத்தாழ 3 மில்லிபார்; உயரக் கணக்கில் சுமார் 25 மீட்டர். காலையில் கூடாரமடித்த இடம் மாலையில் 25 மீட்டர் ‘உயர்ந்திருப்பது’ இதனால். உயரம் தெரிந்த ஓரிடத்தில் அவ்வப்போது நேர்செய்துகொள்பவருக்கு மட்டுமே இவ்வுணரி பயன் தரும்.

இடத்தைச் சரியாக அறிந்தும், அதைச் சொல்வதில் தவறினால் பயனில்லை. அகத்தியர்கூடச் சிகரம் 1868 மீட்டர் உயரமுடையது; வட அட்சம் 8 பாகை 37 கலை, கிழக்குத் தீர்க்கம் 77 பாகை 15 கலையில் இருக்கிறது. தொலைபேசியில் இதைக் கேட்ட ஒருவர் 8.37 என்று தசமமாக எழுதிக்கொண்டால், 8 பாகை 22 கலை என்றாகிவிடும். தேடும் குழு சிகரத்திலிருந்து 27 கிலோமீட்டர் தெற்கே, குமரி மாவட்டத்து ஊர்களுக்கிடையே போய் நிற்கும். ஆகவே ஒரு குழுவில் அனைவரும் ஒரே எழுத்துமுறையைக் கருவியில் அமைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, நிலப்படத்தின் அடிப்படை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் வகுத்த புவி வடிவத்தின்மீது வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். பின்பற்றுவதோ 1984-இன் உலகப் பொது வடிவம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாமல் புள்ளி வைத்தால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். காட்டில் அது ஒரு முகட்டின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற வேறுபாடு. 2005-ஆம் ஆண்டின் நிலப்படக் கொள்கைக்குப்பின் வெளிவந்த பொதுத் தாள்களில் இந்தச் சிக்கல் இல்லை.

மின்கலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரமும், இரட்டை அலைவரிசை கேட்கும் ஜிபிஎஸ்மேப் 65எஸ் 16 மணி நேரமும் ஓடும் என்பது நிறுவனக் கணக்கு. உள்ளமைந்த லித்தியம் மின்கலம் உடைய ஜிபிஎஸ்மேப் 67 நூற்றெண்பது மணி நேரம்வரை ஓடும். ஆனால் தீர்ந்தால் மலையடிவாரத்து விதுரைக் கடைத்தெருவில் மாற்று கிடைக்காது. பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். நீர்க்காப்பில் ஐ.பி.எக்ஸ். 7 தரம் போதுமானது. ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். கைப்பேசியின் தொடுதிரை இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் துளி விழுந்த இடமெல்லாம் தொட்டதாக எண்ணிக்கொள்ளும். பொத்தான் உள்ள கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சட்டத்தை விட்டுவிடக் கூடாது. சில கருவிகள் இடமறிவதோடு செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் செய்யும். வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கி வருவது பெரும்பாலும் இவ்வகையே. உரிய அனுமதியின்றி இவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். கேட்க மட்டும் செய்யும் கருவியே நமக்கு உரியது. காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தனியே வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின் தேர்வு எளிது. அகத்தியர்கூடத்துக்கு வழிகாட்டியோடு ஒருமுறை சென்று வருபவருக்குத் தனிக் கருவி தேவையில்லை. நிலப்படத்தை முன்னரே இறக்கிவைத்த கைப்பேசி போதும், அலைபேசிக் கோபுரம் இல்லாவிட்டாலும் அது இடம் காட்டும். திறந்த புல்வெளிகளில் அடிக்கடி நடப்பவருக்குக் காந்த ஊசியுடைய 32எக்ஸ் போன்றது ஏற்றது. சோலைக்குள்ளும் ஆற்றுப் பள்ளத்திலும் பணிபுரிபவருக்குச் சுருள் ஆன்டெனா, இரட்டை அலைவரிசை, மாற்றத்தக்க பேட்டரி மூன்றும் சேர்ந்த கருவியே தகும். பணம் குறைவாக இருந்தால் வண்ணத் திரையையும் கேமராவையும் விடலாம். ஆன்டெனாவில் குறைக்க வேண்டாம். வாங்கியதும் காட்டுக்கு எடுத்துச் செல்லாமல், கரமனையில் வீடுகள் ஒட்டி நிற்கும் அக்கிரகாரத் தெருவில் ஒரு புள்ளியும், வானம் திறந்த ஆற்றங்கரையில் ஒரு புள்ளியும் தேர்ந்து, வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேளைகளில் குறித்துப் பார்க்கலாம். புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதே உங்கள் கருவியின் உண்மையான துல்லியம்.

கடைசியாக ஒரு பொறுப்பு. சட்டம் வேட்டையைத் தடுத்தாலும் கள்ள வேட்டை நின்றுவிடவில்லை. புலியின் நீர்த்துறையோ, அரிய மூலிகையின் இருப்பிடமோ பாகை கலையோடு இணையத்தில் ஏறினால், அது கள்ளனுக்கு நாமே எழுதிக்கொடுத்த முகவரி. காட்டில் பதிந்த புள்ளிகளை வனத்துறையிடமோ ஆய்வுக் குழுவிடமோ மட்டும் ஒப்படையுங்கள். பொதுவில் பகிரும் படங்களிலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். துல்லியமான கருவியை வாங்குபவர், அது தரும் துல்லியத்தைக் காக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார்.