ஒரு பவுண்டு தானியம்

மாமல்லபுரம் போகும் வழியில் நாம் பார்க்கும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை இணைப்பை 1877-78இல் வெட்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிகள். 1877 ஜனவரியில், பஞ்சத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியில் ஆணுக்கு நிர்ணயித்த நாள்கூலி, ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். மண் சுமக்கும் உடம்புக்கு அது போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார் சென்னை சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். காலராவும் சேர்ந்தே வந்தது. வற்றிய உடம்பில் நோய்க்கு வேலை எளிது.

அந்த உண்மை இன்றும் மாறவில்லை. செங்கல்பட்டு கிராமங்களில் இன்று அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் எடை பார்க்கிறார். கிராம சுகாதார செவிலியர் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தருகிறார். கோடையில் குழாய் வறண்டால், வயிற்றுப்போக்கு தொடங்கும் முன்பே, குடிநீர் லாரி அனுப்புபவரும் இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். எடை குறைந்த குழந்தை எந்தத் தெருவில் என்று அங்கன்வாடிப் பதிவேடு சொல்லும். லாரி முதலில் அங்கே போகட்டும்.