பனிவெளியில் விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். இலை நிறையப் படைக்கும் உணவை இன்று நாம் விருந்து என்கிறோம். முன்னோரோ வாயிலில் வந்து நிற்கும் புதியவரையே அச்சொல்லால் குறித்தனர். வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். தன் உழைப்பில் ஈட்டியதைத் தன் இல்லத்தில் வைத்து வழங்குவோர்க்கே அவ்வறம் உரியது என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும். அங்ஙனமாயின், தனக்கென இல்லமும் இன்றி, ஒரு பிடி அரிசியும் தன்னதாக இன்றி இருப்பவர் முன் பெருமை மிக்க ஒருவர் வந்து நின்றால், எதனைக் கொண்டு அவரை ஓம்புவது? இது வெறுங் கற்பனை வினா அன்று. தென் துருவத்தில் வாழ்வோர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினா.

அங்குள்ள அமெரிக்க ஆய்வு நிலையம், துருவத்தை முதலில் அடைந்த அணியின் தலைவர் ஆமுண்ட்சன், அவருக்கு ஐந்து வாரம் பிந்திவந்த ஸ்காட் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 2,835 மீட்டர் உயரம். காலடியில் மண்ணே இல்லை, பனிக்கட்டிதான். கோடையில் ஏறத்தாழ 150 பேரும், ஆறு திங்கள் நீளும் இரவை உள்ளடக்கிய குளிர்காலத்தில் ஐம்பதுக்கும் குறைவானோரும் அங்குத் தங்குகின்றனர். உண்ணும் பருக்கையும் எரிக்கும் எண்ணெயும் வானூர்தியிலோ, பனிமேல் இழுவை வண்டிகளிலோ வந்து சேர்ந்தவை. குடிநீரும் பனியை உருக்கிப் பெறுவதே. ஆதலால் குளியல் வாரத்திற்கு இருமுறை. ஒவ்வொன்றும் இரண்டே நிமிடம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய நம் நகரத்தார்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

ஆமுண்ட்சன் துருவத்தை அடைந்து நூறாண்டு நிறைந்த 2011 டிசம்பர் 14 அன்று, நார்வேயின் அன்றைய தலைமை அமைச்சர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க் அங்கு வந்து விழாவில் பேசினார். அதே துருவத்திற்குப் பனிச்சறுக்குப் பலகைகளில் பல நூறு கல் நடந்து வரும் தனிப்பட்ட பயணியரும் உளர். அவர்கள் நிலையத்திற்கு அப்பால் கூடாரமடித்துத் தங்குவர். இசைவு பெற்றால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். உணவும் படுக்கையும் எதிர்பார்த்தல் கூடாது என்பது விதி.

இவ்விதி நமக்கு முதலில் கொடிதாகவே தோன்றிற்று. எலும்பு நடுங்கும் குளிரில் வந்தவர்க்கு ஒரு குவளைச் சூடான பானம் தர விதியா தடை? ஆயினும் எண்ணிப் பார்த்தால், அங்குள்ளோர் அப்பொருளுக்கு உடையவர் அல்லர்; காவலர். பிறர் பொருளை வழங்குவது வள்ளன்மை ஆகாது. நம் சங்க விழாக்களில் சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அஃது உறுப்பினர் தந்த சந்தாவில் வாங்கியது. புகைப்படத்தில் புன்னகைப்பவரோ போர்த்துகின்ற நிருவாகி! காவலர்க்குக் கொடுக்க உரிமை இல்லை எனின், அமைச்சருக்கு மட்டும் அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? நாட்டின் மதிப்பு, வருங்கால நிதியுதவி எனக் காரணம் கூறுவர். கூறட்டும். பயன் நோக்கிய வரவேற்பு தவறன்று. ஆனால் அதனை விருந்தோம்பல் என்று சொல்ல நம் நா எழவில்லை.

இன்னொரு புதுமையும் உண்டு. 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிகா உடன்படிக்கை, அக்கண்டத்தின்மீது நாடுகள் கொண்டாடிய நில உரிமைகளை அப்படியே உறையவைத்துவிட்டது. அதன் ஏழாம் பிரிவின்படி, உரிமை பெற்ற நாடுகள் அமர்த்தும் பார்வையாளர் எந்நேரத்திலும் எந்த நிலையத்தினுள்ளும் தடையின்றிப் புகலாம். 1983இல் உடன்படிக்கையில் இணைந்த நம் பாரதத்தின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்கும் இது பொருந்தும். அழையாமல் வருபவர்க்குக் கதவு திறப்பது ஈண்டு அருள் அன்று, சட்டம்.

எனினும் சட்டமும் கணக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. 2016 டிசம்பரில், நிலவில் கால்பதித்த இரண்டாம் மனிதர் பஸ் ஆல்ட்ரின், தம் 86ஆம் அகவையில் சுற்றுலாப் பயணியாகத் துருவத்திற்கு வந்து, அங்கு உடல்நலம் குன்றினார். தனிப்பட்ட பயணி என்று எவரும் ஒதுக்கவில்லை. ஆய்வுப் பணிக்கான அமெரிக்க வானூர்தியே அவரைக் கடற்கரை நிலையத்திற்குக் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து நியூசிலாந்து சென்று நலம் பெற்றார். புகழ் பெற்றவர் என்பதாலன்றோ இவ்வளவும் என்று ஐயுறுவோர் இருக்கலாம். நாமும் ஐயுற்றோம்.

அவ்வையத்தை அதே ஆண்டின் ஜூன் மாதம் போக்கிற்று. துருவத்தின் முழு இருளில், நிலையப் பணியாளர் இருவர் நோயுற்றனர். அவர்தம் பெயரை நிலையத்தை நடத்துவோர் வெளியிடவே இல்லை. பிப்ரவரி முதல் அக்டோபர் வரை அங்கு வானூர்தி இறங்குவது வழக்கமன்று; கடுங்குளிரில் எண்ணெயும் உறையத் தொடங்கும். ஆயினும் கனடாவிலிருந்து இரண்டு சிறு வானூர்திகள் புறப்பட்டன. அண்டார்க்டிகாவின் ஓரத்திலுள்ள ரொத்தேரா என்னும் பிரிட்டிஷ் நிலையத்தில் ஒன்று துணைக்காகக் காத்து நின்றது. மற்றது ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் இருளில் பறந்து துருவத்தில் இறங்கிற்று.

பிப்ரவரிக்குப் பின் ஒரு புதுமுகமும் காணாதிருந்த அந்நிலையத்தார்க்கு, சொல்லின் பழம்பொருளிலேயே விருந்தாக வந்தவர் அவ்வானோடிகள். அவர்களுக்கென விழா மேடை இல்லை. அவர்கள் வேண்டியது உறக்கம் ஒன்றே. ஏறத்தாழப் பத்து மணி நேரம் ஓய்ந்திருந்து, நோயாளர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, வந்த இருளிலேயே திரும்பிச் சென்றனர்.